டிரைவர் சீட்டில் அக்கா

ஃபெயில் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. தட்டுத்தடுமாறியாவது கரையேறிவிடுகிற ரகம் நான். அந்தச் சொல் முதன்முதலாக எனக்கு நேராக வந்து நின்றது வாகனப் பரிசோதனைக்கூடத்தில், அதுவும் கொட்டை எழுத்தில், என் கணவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நாங்கள் வண்டிகளுக்குக் கண்ணாடி செய்கிறவர்கள். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்தும் பட்டறை. டூவீலர் கண்ணாடியில் தொடங்கி, வேன் கண்ணாடிக்கு வளர்ந்து, இப்போதுதான் பஸ் பக்கம் கால் வைத்திருக்கிறோம். பெரியவர் மெஷின்களைப் பார்ப்பார். என் கணவர் வெளி ஆட்களிடம் பேசுவார். நான் தரம் பார்க்கிறவள். வளைவு சரியாக இருக்கிறதா, பூச்சில் புள்ளி விழுந்திருக்கிறதா, கண்ணாடியைத் தாங்கும் கை ஆடுகிறதா என்று பார்த்து, பிடிக்காததை ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. பிடிக்காததை ஒதுக்கித் தள்ள இவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த முறை நாங்கள் செய்தது ஸ்கூல் பஸ்ஸின் நெற்றியில் மாட்டுகிற கண்ணாடி. பம்பரை ஒட்டி ஒரு குழந்தை நின்றால் டிரைவருக்குத் தெரியாது. பஸ்ஸின் மூக்கு மறைத்துவிடும். பென்சில் விழுந்தது, ஷூ கழன்றது என்று அந்தக் குழந்தை அங்கே குனிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தை டிரைவருக்குக் காட்டத்தான் இந்தக் கண்ணாடி. ஸ்கூல் பஸ்களில் இனிமேல் சான்று பெற்ற கண்ணாடிதான் மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சான்றோடு வந்தால் மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான் என்று பஸ் உரிமையாளர் சங்கம் சொல்லிவிட்டது. வராவிட்டால் அடுத்த தெருவில் இருக்கும் போட்டிப் பட்டறைக்குப் போய்விடும். புது மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு, நாங்கள் மறுபடியும் டூவீலர் கண்ணாடிக்கே உட்கார வேண்டியதுதான்.

பரிசோதனைக்கூடத்தில் எங்கள் கண்ணாடியைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஊஞ்சல் மாதிரி தொங்கிய இரும்புக் குண்டைப் பின்னால் இழுத்துவிட்டு ஓங்கி அடித்தார்கள். கை மடங்கிக் கொடுத்தது, கண்ணாடி சிதறவில்லை. உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். துரு எட்டிப் பார்க்கவில்லை. மேடையில் வைத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்கள். ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை. ஒவ்வொரு பாஸுக்கும் என் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே போனது. கடைசியாக வந்தது பார்வைச் சோதனை.

அதற்கென்று ஒரு பெரிய ஹால். ஜன்னலையெல்லாம் மூடி இருட்டாக்கி, நடுவில் ஒரு நிஜ பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு. கட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், சின்னக் குழந்தையின் உயரத்துக்கு. டிரைவர் சீட்டில் ஆள் கிடையாது. நடுத்தர உயரமுள்ள ஒருவர் உட்கார்ந்தால் அவர் கண் எங்கே வரும் என்று விதியில் சொல்லியிருக்கிறதோ, அந்த உயரத்தில் இரண்டு சின்ன பல்புகளை மாட்டியிருந்தார்கள். பல்பு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி எந்தக் குழாய்மேல் விழுகிறதோ, அந்தக் குழாய் டிரைவருக்குத் தெரியும். விழாத குழாய் தெரியாது. இதில் வாதாட ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் வாதாடினேன்.

"இந்த மூலை இருட்டா இருக்கு மேடம்" என்றார் பரிசோதகர். எதையும் படித்துக் காட்டுகிற மாதிரியே பேசும் ஆள். டிரைவருக்கு எதிர்ப் பக்கம், பம்பர் மூலையில் இருந்த குழாயைக் காட்டினார்.

"பல்பு மங்கியிருக்கும் சார்."

"மத்த குழாய்ல எல்லாம் நல்லா விழுதே."

"எங்க யார்டுல எல்லாக் குழாயும் தெரிஞ்சுது சார். நானே பக்கத்துல நின்னு கேட்டேன். ஒண்ணு விடாம தெரியுதுன்னு சொன்னாங்க."

"யாரு கண்ணுக்குத் தெரிஞ்சுது?"

ஏணி கண்ணுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தபோதே விஷயம் உறைத்தது.

ஏணி என்பது எங்கள் டெலிவரி வண்டி ஓட்டுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் பட்டறைக்குள் குனிந்துதான் நுழைவார். சீலிங்கில் பல்பு மாற்ற நாங்கள் ஸ்டூல் தேடுவதில்லை, ஏணிதான். முதல் வேன் கண்ணாடி செய்த நாளிலிருந்து, சீட்டில் உட்காரவைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். கூப்பிட்ட உடனே வருவார், பொய் சொல்ல மாட்டார், எதிர்த்துப் பேச மாட்டார். அவர் "தெரியுதும்மா" என்றால் அந்தக் கோணத்திலேயே ஸ்க்ரூவை முறுக்கிவிடுவேன். ஆக, இத்தனை காலமும் நாங்கள் உலகத்துக்குக் கண்ணாடி செய்யவில்லை. ஏணி ஒருவருக்குத்தான் செய்துகொண்டிருந்தோம்.

"மறுசோதனை ஒரு தடவ உண்டு. அதுலயும் வரலைன்னா புதுசா விண்ணப்பம் போட்டு, வரிசையில நிக்கணும்" என்றார் பரிசோதகர். வரிசையில் நின்று முடிப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்து, பரீட்சை முடிந்து, மறுபடியும் மூடிவிடுவார்கள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது ஃபெயில் ஆனது மட்டுமல்ல. அந்த மூலையைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

சொன்னது அக்கா. அக்கா என்றால் பெரியவரின் மனைவி, என் ஓரகத்தி. ஒரே வீட்டில் அவர்கள் மாடி, நாங்கள் கீழ். அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ஒவ்வொரு குழந்தையும் உட்கார்ந்து, பை மடியில் வந்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை உள்ளே போனால்தான் வண்டி நகரும். அக்கா போடுகிற சத்தத்தில் தெருவில் போகும் பெரியவர்களே கையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். போன வருஷம் எங்கள் வேன் கண்ணாடி ஒன்றைப் பெருமையாகத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் பட்டறைக்கு வந்தார். அன்றைக்கென்று பார்த்து முக்கியமான வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தொடங்கிவிட்டார்.

"இந்தக் கண்ணாடியில அந்த முன்மூலை தெரியவே இல்லடி. வண்டியோட மூக்குதான் தெரியுது."

வாடிக்கையாளர் முன்னால் சொன்னதில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு அக்கா. நீங்க போய்க் கண் டாக்டரப் பாருங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே எங்கள் கண்ணாடி கழன்று, போட்டிப் பட்டறைக் கண்ணாடி அவர் வேனில் ஏறிவிட்டது. தினமும் காலையும் மாலையும் எங்கள் கேட் முன்னால் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். குடும்பக் கம்பெனியின் மூத்த மருமகள் எதிரிக் கம்பெனிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. வாளியைக் கொடு என்று கேட்பதற்குக்கூட இரண்டு ஆண்கள் மாடிப்படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் அண்ணனும் தம்பியும் நன்றாகவே இளைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, சங்கத்தார் கொடுத்திருந்த பஸ்ஸை யார்டில் நிறுத்தி, விதியில் சொன்ன கண் உயரத்துக்கு ஆள் தேடத் தொடங்கினோம். எங்கள் யார்டு மொட்டை வெயிலில் இருக்கிறது, பல்பு வித்தையெல்லாம் இங்கே எடுபடாது. என் கணவர் போனைக் குச்சியில் கட்டி சீட்டில் நிறுத்திப் பார்த்தார். போனுக்கு ஒற்றைக் கண். மனுஷனுக்கு இரண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதைத்தான் விதி கணக்கில் எடுக்கிறது. அதோடு போன் நொடிக்கொருதரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

சரி, மனுஷர்களையே பார்ப்போம் என்று டேப்பை எடுத்தேன். முதலில் ஏணியையே கொஞ்சம் குனிந்து உட்காரச் சொன்னேன். பாவம், குனிந்தார். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தெரியுதா அண்ணே?"

"என் முழங்கால் தெரியுதும்மா."

அவரை விட்டுவிட்டு நானே ஏறி உட்கார்ந்தேன். என் கண் ஸ்டீயரிங் வளையத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இறங்கிவிடு என்று யாரும் சொல்வதற்குள் நானே இறங்கிவிட்டேன். என் கணவர் நின்றால் குள்ளம், உட்கார்ந்தால் உயரம் என்ற விசித்திரப் பிறவி. அவரும் ஒத்துவரவில்லை. பாலிஷ் போடுகிறவர் கிட்டத்தட்ட சரியாக வந்தார். ஆனால் அந்த மனுஷனுக்கு ஒரு இடத்தில் உட்காரும் வழக்கமே கிடையாது. கண்ணை அளப்பதற்குள் நாலு பக்கமும் திரும்பி எல்லோருக்கும் கையாட்டிவிட்டார்.

அப்போதுதான் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"அவ உக்காந்தா சரியா வரும்."

"யாரு?" என்றேன், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

"உங்க அக்காதான்மா. நேத்து அவ டிவி பாத்துட்டு இருக்கும்போது அளந்து பாத்துட்டேன். அச்சடிச்ச மாதிரி வருது. எதுக்கு அளக்கிறீங்கன்னு கேட்டா. உனக்குத் துணி தைக்கன்னு சொன்னேன். கண்ணுக்கு எதுக்கு துணின்னு கேட்டுட்டா. அப்புறம் எல்லாத்தையும் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா" என்றார். எப்படிச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கே நன்றாகத் தெரியும்.

வேறு வழி இல்லை. ஆனாலும் நான் மாடிப்படி ஏறவில்லை. என் கணவரை அனுப்பினேன். அவர் போய்விட்டு வந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்:

"வராங்களாம். புள்ளைங்களுக்காக வராங்களாம். உனக்காக இல்லையாம். உன்கூடப் பேச மாட்டாங்களாம்."

"நானும்தான் பேச மாட்டேன்."

"அத நான் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்கு முழங்கால் வலிக்குது" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா காலை ட்ரிப் முடித்துவிட்டு நேரே வந்தார். வேனை எங்கள் கேட்டுக்கு நேராக, போட்டிக் கண்ணாடி பளபளவென்று தெரிகிற மாதிரி நிறுத்தினார். என்னைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறி, செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பெரியவர் டேப்பை வைத்து அளந்தார். அச்சடித்த மாதிரிதான் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது இன்னொரு சிக்கல். நான் கீழே குழாயை வைக்க வேண்டும், அக்கா மேலிருந்து தெரிகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பேசாமல் எப்படிச் சொல்வது? பெரியவர் படியில் நின்று தூது போனார். தெரிந்தால் ஒரு ஹார்ன், தெரியாவிட்டால் இரண்டு ஹார்ன் என்று ஒப்பந்தமாயிற்று.

முதல் குழாய் வைத்தேன். பாம்.

இரண்டாவது. பாம்.

அக்காவின் கையில் ஹார்ன்கூடப் பேசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒழுங்காக வைத்த குழாய்க்கு ஒரு விதமான பாம். நான் குழாயைத் தேடித் திரும்பினால், எவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி ஒரு நீட்டல் பாம். எதிர்க் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கேட்டில் நின்றார். பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு பேர் டீ டம்ளரோடு சாய்ந்துகொண்டார்கள். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மருமகள்கள் இருவரும் ஹார்ன் அடித்துச் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். அதில் தப்பும் இல்லை.

மூலைக் குழாய் வந்தது. வைத்தேன்.

பாம் பாம்.

கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

பாம் பாம்.

இன்னும் ஒட்டி வைத்தேன். பாம் பாம், இந்த முறை ரொம்பத் தெளிவாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக. வேண்டுமென்றே அடிக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பரிசோதனைக்கூடத்துப் பல்பும் இதையேதான் சொன்னது என்பது மறந்தே போனது. குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, நானே அந்த மூலையில் குந்தி உட்கார்ந்தேன். குந்தினால் நான் அந்தக் குழாய் உயரம்தான். கண்ணாடியின் விதி எனக்குத் தெரியும்: அதில் எனக்கு ஒருவர் கண் தெரிந்தால், அவருக்கு என் கண் தெரியும். அக்காவின் முகம் தெரியட்டும், பொய் சொல்கிற லட்சணத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறேன் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடியில் வைப்பர் தெரிந்தது. பஸ்ஸின் பெயர்ப் பலகை தெரிந்தது. பஸ்ஸின் மூக்கு முழுவதும் தெரிந்தது. அக்கா தெரியவில்லை.

கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. எங்கேயும் இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது பஸ் ஒரு பஸ் மாதிரியே இல்லை. ஒரு சுவர்தான். பம்பர் என் நெற்றிக்கு நேராக இருந்தது. அதற்கு மேலே உட்கார்ந்திருப்பவருக்கு நான் இங்கே இருப்பதே தெரியாது. ஷூவுக்கு நாடா கட்டுகிற குழந்தைக்கு இதெல்லாம் யோசிக்கவும் தெரியாது. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அங்கேயே இருந்தேன்.

ஹார்ன் நின்று போயிருந்தது. திடீரென்று மேலிருந்து ஒரு குரல்.

"எங்கடி போன?"

பஸ் கதவு படாரென்று அடித்தது. செருப்புகூடப் போடாமல், சுடுகிற தரையில் ஓடிவந்தார் அக்கா. என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"குழாய வெக்கிறதுன்னா குழாய வை! நீ ஏன்டி போய் உக்காந்த? இப்பதான் நின்னுட்டிருந்த, சட்டுனு காணோம். எனக்கு உசுரே போச்சு."

"வண்டி ஸ்டார்ட்லயே இல்லையே அக்கா."

"இல்லாட்டி என்ன? இருந்த ஆளு காணோம்னா இறங்கிப் பாக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டே அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தன வருஷமா புள்ளைங்கள ஏத்திட்டுப் போறேன். தலை ஒண்ணு குறைஞ்சா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் அதற்குப் பிறகுதான் உறைத்தது. இனி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நீங்க சொன்னது சரிதான் அக்கா. இங்கருந்து பாத்தா உங்கள எனக்குத் தெரியல. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்க."

அக்கா சுட்ட பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"கண் டாக்டர்கிட்ட போனேன் தெரியுமா?" என்றார்.

"எதுக்கு?"

"நீ சொன்னியேன்னுதான். நெஜமாவே கண்ணு கெட்டுப் போச்சோ, இது தெரியாம புள்ளைங்கள ஏத்திட்டு ஓட்டிட்டு இருக்கேனோன்னு ஒரே பயம். ராத்திரி தூக்கமே வரல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பாத்துட்டு, உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா, கழுகுக் கண்ணுன்னுட்டார். அப்புறம்தான் உங்க கண்ணாடியக் கழட்டினேன். கழட்டணும்னு ஆசைப்பட்டா கழட்டினேன்?"

என் வாய்க்கு வந்ததை நான் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதைச் சுமந்துகொண்டு இந்த மனுஷி டாக்டர் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

"கழுகுக் கண்ணுக்கு ஃபீஸ் எவ்வளவு வாங்கினார்?" என்றேன்.

"உன்கிட்டதான் வசூல் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எதிர்க் கடைக்காரர், இனி பார்க்க ஒன்றும் இல்லை என்று கல்லாவுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிய பேச்சில், ஹார்னே தேவலை என்று அண்ணனும் தம்பியும் சொன்னார்கள். அக்கா சீட்டில், நான் ஸ்டூல்மேல் கண்ணாடிப் பக்கத்தில், ஏணி ஸ்டூலே இல்லாமல் எனக்கு எதிரே. கண்ணாடியைக் கீழே சாய்த்தோம். மூலை தெரிந்தது, நடு மறைந்தது. நிமிர்த்தினோம். நடு வந்தது, மூலை போயிற்று. கடைசியில் கோணத்தில் மட்டும் கோளாறு இல்லை, கண்ணாடியைத் தாங்கும் கையே குட்டை என்று புரிந்தது. பெரியவர் கையை நீளமாக்கிக் கொஞ்சம் வெளியே தள்ளினார். நீளமான கை பஸ் ஓடினால் நடுங்கியது. கையின் இரும்புக் குழாயை மாற்றி, உள்ளே ஒரு தாங்கு வைத்தார். சாப்பாட்டை மறந்து மனுஷன் மெஷினோடு கிடந்தார். "இன்னும் ஒரு விரக்கடை. தலை தெரியுது, கழுத்து தெரியல" என்று அக்கா மேலிருந்து கத்துவார். நாங்கள் கீழே ஆடுவோம்.

ஏணி கோணத்தில் நாங்கள் இதுவரை விற்றிருந்த வேன் கண்ணாடிகளையெல்லாம் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்றார் பெரியவர். "அவங்களுக்கு நானே போன் போடுறேன்" என்று என் கணவர் சொன்னார். அந்த வாரம் அவர் எத்தனை பேரிடம் திட்டு வாங்கினார் என்பது அவருக்கும் போனுக்கும்தான் தெரியும்.

மறுசோதனை நாளன்று அக்கா வேனைத் தெரிந்த டிரைவர் ஒருவரிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தார். அந்த டிரைவரிடம் குழந்தைகளைப் பற்றி அவர் சொன்ன எச்சரிக்கைகளைக் கேட்டிருந்தால் எவரும் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நான் சான்று வாங்கப்போகிற நாளாயிற்றே என்று புதுத் துணி உடுத்திக்கொண்டிருந்தேன்.

கை மாறியதால் குலுக்கலையும் இரும்புக் குண்டடியையும் மறுபடி வாங்க வேண்டியிருந்தது. குண்டு வந்து மோதியபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மடங்கியது, கண்ணாடி தாங்கியது. பிறகு இருட்டு ஹால், அதே பஸ், அதே குழாய்கள். சீட்டுக்கு மேலே பல்புகளைப் பார்த்ததும் அக்கா என் காதில் கேட்டார்.

"இதுதான் கண்ணா?"

"ஆமா அக்கா."

"இமைகூட இல்ல" என்று முகத்தைச் சுளித்தார்.

பரிசோதகர் குழாய் குழாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் விழுந்தது. மூலைக்கு வந்தபோது என் கணவர் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார், அல்லது நான் அவர் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன். பரிசோதகர் குனிந்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். குழாயின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் வெளிச்சம் இறங்கியிருந்தது.

"விழுது மேடம்" என்றார். "பாஸ்."

என் கணவர் ஓர் ஆட்டம் போட்டார். ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம். பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சங்கத்துக்குப் போன் போட வேண்டும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டு, ஒரே போனைத் தேடினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்கா மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு பல்பு சொன்னா எல்லாரும் ஒத்துக்கிறீங்க" என்றார். "நான் அதையே வாயால சொன்னப்போ டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க."

பரிசோதகர் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று முழித்தார். எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டேன், கை பிடித்துவிட்டேன், சிரித்தும்விட்டோம். ஆனாலும் அது உள்ளே கிடந்திருக்கிறது.

"சார், நான் ஒரு தடவ உக்காந்து பாக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

"விதிப்படி சோதனை முடிஞ்சுதும்மா."

"உங்க சோதனை முடிஞ்சுது."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே பஸ்ஸில் ஏறி பல்புகளைக் கழற்றினார். ஹால் விளக்கைப் போடச் சொன்னார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் உட்கார்ந்தார்.

யாரும் கேட்காமலே நான் மூலைக்குப் போனேன். அங்கே இருந்த குழாயை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, புதுத் துணியோடு, கோட் போட்ட கூடத்து ஊழியர்கள் அத்தனை பேரும் பார்க்க, பம்பருக்குக் கீழே குந்தி உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன்.

கண்ணாடிக்குள் அக்கா இருந்தார். சின்னதாக, கொஞ்சம் வளைந்து, ஆனால் முழுசாக. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தேடிக்கொண்டு வந்த அந்தக் கண்கள் என்மேல் வந்து நின்றன. சுருக்கம் அவிழ்ந்தது.

"தெரியுதாக்கா?" என்று கத்தினேன்.

"தெரியுதுடி. நீ அழறதுகூடத் தெரியுது."

நான் ஒன்றும் அழவில்லை என்று அங்கிருந்தே திருப்பிக் கத்தினேன். அந்த ஹாலில் ஒருவரும் நம்பவில்லை.